ஸ்டேட் யூனிவர்சிட்டில ரிட்டையர் ஆகப்போறீங்களா? மூணு வருஷம் முன்னாடியே ஃபைலப் பிடிங்க

தமிழ்நாட்டுல ஸ்டேட் யூனிவர்சிட்டி புரொபசர் யாரக் கேட்டாலும் "அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துப்பாங்க சார்"னுதான் சொல்றாங்க, ஆனா ஆபீஸ்ல யாரும் பாக்க மாட்டாங்க. அந்த சீட்ல இருக்கறவருக்கு இன்னும் நாலு சீட் கூடுதல் பொறுப்பு, உங்க ஃபைல் உங்களுக்குத்தான் அவசரம். அதனால 57 வயசு ஆனதும் இதப் படிச்சுட்டு வேலைய ஆரம்பிங்க.

மொதல்ல வயசு. ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆசிரியருக்கு 60. அரசு காலேஜ், எய்டட் காலேஜ்ல 58ஆ இருந்தது 2020ல 59, 2021ல 60 ஆச்சு. "பாண்டிச்சேரி யூனிவர்சிட்டில 65 வரைக்கும் இருக்காங்களே, திருவாரூர்ல இருக்காங்களே"ன்னு கேட்டா, அதெல்லாம் சென்ட்ரல் யூனிவர்சிட்டி, அங்க 2007லயே 65 ஆக்கிட்டாங்க. நமக்கும் யூஜிசி (பல்கலைக்கழக மானியக்குழு) சம்பளம்தானே, வயசும் அதே மாதிரி வரணும்னு பல மாநிலத்துல கேஸ் போட்டாங்க, ஆனா அந்த வயச ஏத்துக்கறதும் விடறதும் மாநில அரசோட இஷ்டம்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லிடுச்சு. ஸோ 65ஐ நம்பி வீட்டு லோன் எடுக்காதீங்க. இன்னொண்ணு, எந்த மாசம் 60 முடியுதோ அந்த மாசக் கடைசி நாள்தான் ரிட்டையர்மென்ட், ஆனா ஒண்ணாந்தேதி பொறந்தவங்களுக்கு அதுக்கு முந்தின மாசக் கடைசி நாள். ஜூன் 1ல பொறந்தவர் மே 31லயே கிளம்பணும், இத கடைசி வருஷத்துல கண்டுபிடிச்சு ஷாக் ஆனவங்க உண்டு.

கல்வியாண்டு நடுவுல ரிட்டையர் ஆனா வருஷக் கடைசி வரைக்கும் மறுநியமனம் கிடைக்குமான்னு உங்க யூனிவர்சிட்டி ஸ்டாட்யூட்ட, அதான் விதித்தொகுப்ப, பாத்து எழுத்துல கேட்டுக்கோங்க. கிடைச்சாலும் அந்த மாசங்கள் பென்ஷனுக்கான சர்வீஸ் கணக்குல ஏறாது.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வரேன். கவர்மென்ட் ஜி.ஓ, அதான் அரசாணை, வந்துச்சுன்னா நமக்கும் வந்துடுச்சுன்னு நெனைக்கறோம்ல, யூனிவர்சிட்டி அப்படி ஓடறதில்ல. அது தனிச் சட்டத்துல உருவான அமைப்பு, மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு 1923 சட்டம், மதுரை காமராஜருக்கு 1965 சட்டம், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு இருக்கு, அதனால பண விஷயம்னா ஃபைனான்ஸ் கமிட்டி பாத்து, சிண்டிகேட்ல (யூனிவர்சிட்டிய நிர்வாகம் பண்ற குழு) தீர்மானம் போட்டு ஏத்துக்கிட்டாத்தான் செக்ஷன்ல ஃபைல் நகரும். டிஏ உயர்வு மாதிரி வழக்கமானது சட்டுனு நடந்துடும், கிராஜுவிட்டி (பணிக்கொடை) உச்சவரம்பு மாறுச்சு, பென்ஷன் ரூல் மாறுச்சுன்னா ஒரு மீட்டிங்ல வச்சு, அடுத்த மீட்டிங்குக்கு தள்ளி, சப் கமிட்டி போட்டு, அப்புறம் உயர்கல்வித் துறைக்கு கிளாரிஃபிகேஷன் கேட்டு எழுதின்னு இழுக்கும். விசி, அதான் துணைவேந்தர், பதவி காலியா இருந்து அவருக்குப் பதிலா கன்வீனர் கமிட்டின்னு ஒரு குழு ஓட்டற இடம்னா இன்னும் மெதுவு, கையெழுத்துப் போடவேண்டிய செகரட்டரி சென்னைல இருப்பாரு, ஃபைல் உங்க ஊர்ல இருக்கும்.

அதனால சிண்டிகேட்ல ஆசிரியர் பிரதிநிதி யாருன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. நம்மில பாதிப் பேருக்கு அகாடமிக் கவுன்சில் மெம்பர் யாரு, சிண்டிகேட் மெம்பர் யாருன்னே தெரியாது, எலக்ஷன் அன்னைக்கு டீ குடிச்சுட்டு ஓட்டுப் போட்டதோட சரி. அவருகிட்ட போயி "சார், இந்த ஜி.ஓவ நம்ம அடாப்ட் பண்ணியாச்சா, எந்த மீட்டிங், எந்த ஐட்டம் நம்பர்"னு கேளுங்க. நம்பர் இல்லாத பதில நம்பாதீங்க. அவரு வழுக்கினா ஆர்டிஐ போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினா 30 நாள்ல பதில் தரணும். சிண்டிகேட் மினிட்ஸ் காப்பி கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல, "சார் ஏன் ஆர்டிஐ எல்லாம்"னு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்லருந்து ஒரு போன் வரும், சிரிச்சுட்டு வச்சுடுங்க.

அடுத்தது எஸ்.ஆர், அதான் பணிப்பதிவேடு. நேர்ல போயி பக்கம் பக்கமா பாருங்க, ஜெராக்ஸ் எடுத்து வீட்ல வச்சுக்கோங்க. பாக்கவேண்டியது என்னன்னா, பிறந்த தேதி பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டோட ஒத்துப்போகுதா, இனிஷியல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கா, ப்ரொபேஷன் டிக்ளேர் பண்ண ஆர்டர் என்ட்ரி ஆயிருக்கா, கேரியர் அட்வான்ஸ்மென்ட்ல (பணி மேம்பாடு) சீனியர் ஸ்கேல் போன தேதி சரியா, பிஎச்டி பண்ண லீவு எடுத்தது டியூட்டின்னு ஏறியிருக்கா இல்ல சம்பளமில்லா லீவுன்னு ஏறியிருக்கா. வெளிநாட்டுக்கு போஸ்ட் டாக் போன காலம்தான் பெரும்பாலும் சிக்கல் பண்ணும், ஆர்டர்ல ஒண்ணு இருக்கும் எஸ்.ஆர்ல ஒண்ணுமே இருக்காது, பேனா மாறின இடத்துல சர்வீஸ் வெரிஃபிகேஷன் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். அன்னைக்கு கையெழுத்துப் போடாத சூப்பிரண்டு இப்ப எங்க இருக்காரோ. நாமினியும் பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர் குடுத்தது அப்படியே இருக்கும்.

தப்பு இருந்தா வாயால சொல்லாதீங்க. லெட்டர் எழுதி டப்பால்ல (கடிதம் வாங்கற செக்ஷன்) குடுத்து, காப்பில சீல் வாங்குங்க. அந்த சீல்தான் நாளைக்கு உங்களக் காப்பாத்தும்.

ஆடிட். யூனிவர்சிட்டிகளுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைதான் ஆடிட் பண்றாங்க, பெனிஃபிட்ஸ் நிக்கற இடம் பெரும்பாலும் இதான். 2009ல ஒரு நேஷனல் செமினார் நடத்தினீங்க, அட்வான்ஸ் வாங்கினீங்க, பில் குடுத்தீங்க, ஆனா செட்டில்மென்ட் ஆர்டர் போடல. என்எஸ்எஸ் கேம்ப்பு, ஃபீல்டு ட்ரிப்பு, யூஜிசி மைனர் ப்ராஜெக்ட்டுக்கு யூடிலைசேஷன் சர்டிபிகேட், எக்ஸாம் சீஃப் சூப்பிரண்டா இருந்தப்ப வாங்கின பணம், இது எல்லாம் உங்க பேர்ல நிலுவைன்னு எங்கயோ ஒரு லிஸ்ட்ல தூங்கிட்டு இருக்கும். ஹெச்ஓடியா இருந்தவங்களுக்கு இன்னும் மோசம், டிபார்ட்மென்ட் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல காணாமப்போன ப்ரொஜெக்டருக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். உங்க பேர்ல என்னென்ன அட்வான்ஸ், என்னென்ன ஆடிட் தடை நிலுவைல இருக்குன்னு ஃபைனான்ஸ் ஆபீசர்கிட்ட எழுத்துல லிஸ்ட் கேளுங்க, வவுச்சர் ஜெராக்ஸ் வச்சு ஒவ்வொண்ணா ட்ராப் பண்ண வைங்க. இதுக்கு மட்டுமே ஒரு வருஷம் ஆகும். அப்புறம் லைப்ரரி, குவார்ட்டர்ஸ், சொசைட்டி லோன்னு நோ டியூ, அது ஒரு நடை.

பிஎச்டி ஸ்டூடண்ட்ஸையும் மறக்காதீங்க. யூஜிசியோட 2022 ரெகுலேஷன்படி ரிட்டையர் ஆக மூணு வருஷத்துக்குள்ள இருந்தா புதுசா ஸ்காலர் எடுக்க முடியாது, ஏற்கனவே இருக்கறவங்களுக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு அப்புறம் கோ-சூப்பர்வைசராத்தான் இருக்கலாம், அதுவும் 70 வயசு வரைக்கும். புது கைடு யாருங்கறத இப்பவே பேசி முடிச்சு ரிசர்ச் செக்ஷன்ல ஆர்டர் வாங்கிடுங்க, கடைசி நாள் ஃபேர்வெல் மாலையோட நீங்க கிளம்பிடுவீங்க, பாவம் அந்தப் பொண்ணு சினாப்சிஸ்ல யார் கையெழுத்துன்னு ஆறு மாசம் அலையும்.

பணக் கணக்கு. 2003 ஏப்ரல் 1க்கு முன்னாடி சேந்தவங்களுக்கு பழைய பென்ஷன். 30 வருஷம் சர்வீஸ் இருந்தா முழு பென்ஷன், அதாவது கடைசி சம்பளத்துல பாதி. கடைசி பேசிக் 1,80,000ன்னு வைங்க, பென்ஷன் 90,000, அதுல மூணுல ஒரு பங்கு வரைக்கும் கம்யூட் பண்ணலாம், அதாவது மாசாமாசம் வாங்காம மொத்தத் தொகையா முன்னாடியே வாங்கிக்கலாம். 30,000த்த மொத்தமா வித்துட்டா மாசம் 60,000 வரும், ஆனா டிஏ அந்த முழு 90,000க்கும் கணக்காகும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. 15 வருஷம் கழிச்சு வித்த பங்கு திரும்ப சேரும். பணிக்கொடை ஒவ்வொரு ஆறு மாச சர்வீஸுக்கும் கால் மாச சம்பளம், 30 வருஷத்துக்கு 15 மாசம், அதிகபட்சம் பதினாறரை, அதுக்கு மேல ரூபா உச்சவரம்பு ஒண்ணு இருக்கு, உங்க சிண்டிகேட் எந்த வரம்ப ஏத்துக்கிட்டு இருக்குன்னு பாத்துக்கோங்க. ஈஎல், அதான் ஈட்டிய விடுப்பு, 240 நாள் வரைக்கும் காசாக்கலாம், நமக்கு வெகேஷன் இருக்கறதால ஈஎல் கம்மியா ஏறும், அதனால லீவுல அட்மிஷன், வேல்யூவேஷன்னு கூப்பிட்ட நாளுக்கு ஆர்டர் இருந்தா அத எஸ்.ஆர்ல ஏத்த வைங்க.

அந்தத் தேதிலருந்து சேந்தவங்க சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்), மாசாமாசம் 10 சதவீதம் பிடிச்சாங்களே அது. அவங்க வருஷா வருஷம் அக்கவுண்ட் ஸ்லிப் வாங்கி, யூனிவர்சிட்டி பங்கு நெஜமாவே கட்டியிருக்கான்னு பாக்கணும். 2026 ஜனவரில அரசு புதுசா உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்னு கடைசி சம்பளத்துல 50 சதவீதம்னு அறிவிச்சாங்க, உங்க யூனிவர்சிட்டிக்கு அது எப்ப எப்படி வருதுங்கறதுக்கும் மேல சொன்ன அதே சிண்டிகேட் வாசல்லதான் நிக்கணும்.

யூனிவர்சிட்டி கைல பணமே இல்லன்னா இவ்ளோ பண்ணியும் லேட் ஆகும், சில இடத்துல பென்ஷனே தள்ளித் தள்ளி வந்தத பேப்பர்ல பாத்திருப்பீங்க. அப்ப தனியாப் போயி கெஞ்சறதுல பிரயோஜனமில்ல, பென்ஷனர்ஸ் அசோசியேஷன்ல முன்னாடியே சேந்துடுங்க, கோர்ட்டுக்குப் போனாலும் கூட்டமாப் போறதுதான் செலவுக்கு நல்லது. ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவைல இருந்தா ப்ரொவிஷனல் (தற்காலிக) பென்ஷனாவது எழுதிக் கேளுங்க.

ரிட்டையர் ஆனதும் ஆசிரியர் தொகுதி மூலமா வந்த செனட் (ஆட்சிப் பேரவை), சிண்டிகேட் சீட் போயிடும். ஆனா நீங்க அதே யூனிவர்சிட்டில படிச்சவரா இருந்தா பதிவு பெற்ற பட்டதாரியா பேர் குடுங்க, பல யூனிவர்சிட்டில அந்தத் தொகுதிலருந்தும் செனட்டுக்கு ஆள் போறாங்க. ஃபாரம் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கிடைக்கும், வோட்டர் லிஸ்ட் மூடறதுக்கு முன்னாடி குடுத்துடுங்க.