சிங்கப்பூரிலிருந்து நீலத் திமிங்கலம் பார்க்கப் போவது எப்படி? (ஒருமுறை கோட்டை விட்டவன் சொல்கிறேன்)

முதல் தடவை இலங்கையின் மிரிஸ்ஸவுக்குப் போனபோது நான் பார்த்ததெல்லாம் படகின் தரையைத்தான். நான்கு மணி நேரம் பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றி இருந்தவர்கள் "அதோ, அதோ" என்று கத்தினார்கள். தலையை நிமிர்த்தினால் வயிறும் கூடவே நிமிர்ந்தது. மறு வருடம் மார்ச் பள்ளி விடுமுறையில் அதே ஊருக்குத் திரும்பப் போனேன். ஒரே காலையில் மூன்று நீலத் திமிங்கலங்கள்! இடையில் நான் மாற்றிக்கொண்டவை நாலைந்து விஷயங்கள்தான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். விமானச் சீட்டு, தங்குமிடம், பணம் மாற்றுவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

நமக்குப் பக்கம் இலங்கைதான். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் ஆழம் குறைந்தது, நீலத் திமிங்கலத்துக்கு அது தோதுப்படாது. இலங்கையின் தெற்குக் கரையில் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடிப் பகுதி) ரொம்பக் குறுகல். மிரிஸ்ஸ துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றிரண்டு மணி நேரம் போவதற்குள் கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாகிவிடும். திமிங்கலங்கள் இரை தேடி வருவது அங்கேதான்.

படி 1: மாதத்தைப் பாருங்கள், அப்புறம் சீட்டு

மிரிஸ்ஸவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. நம் பள்ளி விடுமுறைக் கணக்கில் பார்த்தால் டிசம்பரும் மார்ச்சும் பொருந்தும். ஜூன் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கிவிட்டால் தெற்குக் கரையில் அலை படகைத் தூக்கிப் போடும். என்னைக் கேட்டால் மார்ச். கடல் தாம்பாளம் போல இருக்கும்.

படி 2: கிளம்பும் முன் ஒரு சனிக்கிழமை கெண்ட் ரிட்ஜ் போய் வாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, நான் வற்புறுத்துவேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்த 10.6 மீட்டர் பெண் விந்துத் திமிங்கலம் அது. நாடு ஐம்பது வயதைக் கொண்டாடிய வருடம் என்பதால் 'ஜூபி லீ' என்று பெயர் வைத்தார்கள். அதன் கீழே நின்று தலையை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். கடலில் உங்களுக்குக் கிடைக்கப்போவது முதுகில் ஒரு துண்டும் வாலும்தான். முழு உடல் எப்படி இருக்கும் என்பது மனத்தில் இருந்தால்தான் அந்தத் துண்டு எதில் ஒரு பகுதி என்று புரியும்.

என் அப்பாவுக்கு இந்த எலும்புக்கூடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "இது என்ன, அந்தக் காலத்தில் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் தொங்கினதைப் பார்த்திருக்கணும்" என்பார். அவர் சொல்வது 1892-இல் மலாக்கா அருகே கரை ஒதுங்கிய நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை. 1907 முதல் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் இருந்தது, நீளம் 42 அடி. எழுபதுகளில் மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது லாபுவானில் இருக்கிறது. அப்பா பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்து வாய் பிளந்த கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது.

படி 3: மாத்திரை (நான் சறுக்கிய இடம்)

இதை நிதானமாகப் படியுங்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

முதல் பயணத்தில் நானும் மாத்திரை வைத்திருந்தேன். பையில். தலை சுற்றினால் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. படகு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக் கால் மணி நேரத்தில் தலை சுற்றியது. போட்டேன். பத்து நிமிடத்தில் மாத்திரை முழுசாகக் கடலுக்குள் போனது. கடல் மயக்க மாத்திரை வந்த பிறகு நிறுத்துவதற்கு இல்லை, வராமல் தடுப்பதற்கு. குமட்டல் தொடங்கிவிட்டால் வயிறு எதையும் உள்ளே எடுத்துக்கொள்ளாது.

இரண்டாம் முறை செய்தது இது. இங்கேயே மருந்தகத்தில் பார்மசிஸ்டிடம் கேட்டு சின்னரிசின் என்ற கடல் மயக்க மாத்திரை வாங்கினேன். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போடச் சொன்னார். படகு காலை ஆறரைக்குக் கிளம்பும், ஆகவே நாலரைக்கு மாத்திரை. கொடுமையான நேரம் என்று தோன்றும். ஆனால் இலங்கை நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே நாலரை என்றால் நம் உடம்புக்குக் காலை ஏழு. வந்த மறுநாளே படகு ஏறினால் அலாரமே வேண்டாம், தானாக விழிப்பு வரும். அதனால்தான் நான் கடல் பயணத்தை முதல் நாளே வைத்துக்கொள்கிறேன். கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் பார்மசிஸ்டிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்றே தெரியவில்லையா? பாத்தாம் ஃபெரியில் ஒரு தடவை போய், கைப்பேசியில் எதையாவது படித்துக்கொண்டே வாருங்கள். பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

படகில் எங்கே உட்காருவது? மேல்தளத்தில் எல்லாம் தெரியும், ஆட்டமும் அதிகம். பின்பக்கம் டீசல் புகை. கீழ்தளத்தில் நடுவில், ஓரத்துக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி இடம்தான் என் தேர்வு. கண் அடிவானத்தில் இருக்கட்டும், கைப்பேசியில் வேண்டாம். படகில் தரும் காலைச் சாப்பாட்டைத் திரும்பி வரும்போது சாப்பிடுங்கள். தேக்காவில் வாங்கிய இஞ்சி மொரப்பா ஒரு பொட்டலம் எடுத்துப் போனேன். எனக்கு உதவியதோ இல்லையோ, பக்கத்துச் சீட்டு ஜெர்மன்காரர் பாதியைக் காலி செய்துவிட்டார்.

படி 4: படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதல் கேள்வி, திமிங்கலத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? அங்கே விதி 100 மீட்டர். "கிட்டே கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்று ஆசை காட்டினால் நகர்ந்துவிடுங்கள். நான் முதலில் போன படகு அந்த ரகம். ஒரே திமிங்கலத்தை ஆறு படகுகள் வளைத்துக்கொண்டு துரத்தின. அது மூச்சை முடிக்காமலே உள்ளே போய்விட்டதாக மனைவி பிறகு சொன்னாள். இரண்டாவது கேள்வி, ஒன்றுமே தெரியாவிட்டால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப்போவீர்களா? பல படகுகள் இதற்கு ஒப்புக்கொள்ளும். அதற்காக ஊரில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: திமிங்கலத்தைத் தேடாதீர்கள், ஆவியைத் தேடுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் தண்ணீருக்கு மேல் பெரிய உடம்பைத் தேடுவார்கள். உடம்பு தெரியாது. முதலில் தெரிவது மூச்சு. அடிவானத்தில் வெள்ளையாக நேர்க்குத்தாக ஒரு தூண் எழும்பி, மெல்லக் கரையும். அது ஒன்பது மீட்டர்வரை போகும், நம் வீவக அடுக்குமாடி புளோக்கில் மூன்று மாடி உயரம். படகின் அணியத்தை (முன்முனையை) பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, கடலைக் கடிகாரம்போலப் பிரித்து, ஒவ்வொரு திசையாக நிதானமாகப் பாருங்கள். படகோட்டிகளும் "டூ ஓ கிளாக்" என்றுதான் கூவுவார்கள்.

தூண் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை என்று பல தடவை மூச்சு விடும். ஒவ்வொரு முறையும் சாம்பல் நீல முதுகு வழுக்கிக்கொண்டே போகும்... போய்க்கொண்டே இருக்கும்... 'இன்னும் முடியவில்லையா' என்று நினைக்கும்போது கடைசியில் துக்கடாவாக ஒரு துடுப்பு வரும். கடைசி மூச்சுக்கு முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளையும். கேமராவைத் தூக்க வேண்டியது அப்போது. அடுத்து வால் எழும். வால் மறைந்த இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழப்பான வட்டம் ஒன்று கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு பத்து நிமிடம்போல ஒன்றும் இருக்காது. நல்ல படகோட்டி எஞ்சினைத் தணித்து அங்கேயே காத்திருப்பார். எங்களவர் அந்த இடைவெளியில் பிளேன்டீ குடித்தார்.

இங்குள்ளவை குட்டை வகை நீலத் திமிங்கலங்கள். குட்டை என்றாலும் 20 மீட்டருக்கு மேல், நம் இரட்டை மாடி பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த நீளம். மற்ற நீலத் திமிங்கலங்களைப்போல இவை துருவக் கடலுக்குப் போவதில்லை, வருடம் முழுக்க வெப்பக் கடலிலேயே இருக்கின்றன. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். 2003-இல் திமிங்கலச் சாணம் மிதப்பதைப் பார்த்துத்தான் 'இவை இங்கேயே சாப்பிடுகின்றன' என்று அவருக்குப் பொறி தட்டியதாம். தண்ணீரில் செங்கல் நிறத்தில் கலங்கல் தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

தொலைநோக்கி 7x50 (ஏழு மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்கு வாங்காதீர்கள், ஆடும் படகில் கடலும் வானமும் மாறி மாறித் தெரியும், அவ்வளவுதான். கைப்பேசியில் ஜூம் செய்வதைவிட வீடியோ எடுத்துவிட்டு வீட்டில் வெட்டிக்கொள்வது நல்லது.

படி 6: வேறு யார் வருவார்கள்

மூச்சு தாழ்வாக, இடப்பக்கமாகச் சாய்ந்து முன்னோக்கிப் போனால் அது விந்துத் திமிங்கலம், ஜூபி லீயின் சொந்தக்காரர். சுழன்று குதிப்பவை ஸ்பின்னர் ஓங்கில்கள் (டால்பின்கள்), படகின் அணியத்திலேயே விளையாடும். பறக்கும் மீன் உண்டு. ஆமைகளும் வரலாம்.

சரக்குக் கப்பல்களும் வரும், அதுவும் நிறைய. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே போகும் பாதை உலகின் நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று. ஈஸ்ட் கோஸ்ட்டில் நங்கூரமிட்டு நிற்பவற்றில் சூயஸ் பக்கம் போகிறவை அந்த வழியாகத்தான் போகும். கப்பல் மோதித் திமிங்கலங்கள் சாவது அங்கே பெரிய பிரச்சினை. எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. எங்கள் படகிலிருந்து ஒரே பார்வையில் ஒரு வாலும் ஒரு கொள்கலன் கப்பலும் தெரிந்தன. அந்தப் படத்தை நான் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

பின்சேர்க்கை 1: மாத்திரை போட்டுக்கொண்டு பயணம் முழுக்கத் தூங்கிவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். சிலருக்கு அப்படி ஆகும். வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: "ஜூனுக்குச் சீட்டு போட்டாச்சு, என்ன செய்ய?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மிரிஸ்ஸவை விடுங்கள், திருகோணமலைக்குப் போங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் படகுகள் கிடைக்கும். அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம். கொழும்பிலிருந்து சாலைப் பயணம் நீளம், பிள்ளைகளுக்கு அதற்கும் ஒரு மாத்திரை தேவைப்படலாம்.

பின்சேர்க்கை 3: அம்மா படகேற மாட்டார் என்றவருக்கு: திருகோணமலையில் உள்ள திருக்கோணேச்சரம் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். கோயில் நிற்கும் சுவாமி மலையின் கீழே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. பருவத்தில் பாறை ஓரத்திலிருந்தே மூச்சுத் தூணைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காலைப் பூசை முடிந்து, வெயில் ஏறுமுன் கடல் பக்கச் சுவரோரம் நில்லுங்கள். போகும் வழியில் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரியும், அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழம் இருந்தால் மூடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.