குடிநோய் புகுந்த குயர் குடும்பத்தை நாவலாக எழுத

இணையராக வாழும் இரு ஆண்கள், அவர்களில் ஒருவருக்குக் குடிநோய், அவர்கள் வளர்க்கும் பிள்ளைக்கு ஆட்டிசம்: இப்படியொரு குயர் (தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் முதலானோரைக் குறிக்கும் சொல்) குடும்பத்தை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்துக்கு முன் ஒரு கால அட்டவணை போடுங்கள். குடிப்பவர் எப்போது குடித்தார், எப்போது நிறுத்தினார். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அன்றாட ஒழுங்கு. இணையர் இருவருக்கும் இடையே நடப்பது. இந்த மூன்றையும் வாரவாரியாக நிரப்புங்கள். ஒரே வாரத்தில் மூன்றும் முட்டிக்கொள்ளும் இடங்கள்தான் உங்கள் காட்சிகள்.

உடலின் கணக்கு தப்பக் கூடாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாதது கண்ணில் தெரியும், இடம் பொருள் தெரியாமல் குழம்பும், உயிரே போகலாம். அறையில் பூட்டிவைத்துக் குடியை மறக்கடிக்கும் காட்சியைத் தயவுசெய்து எழுதாதீர்கள், படித்துவிட்டு யாராவது செய்துபார்ப்பார்கள். உங்கள் பாத்திரம் ஹெராயின் எடுப்பவரானால் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுக்கும்போது உடல் தாங்காது. வீட்டார் நம்பத் தொடங்கிய வேளையில் சாவு வருவது அதனால்தான்.

பலர் தவறவிடுவது, குடிப்பவருக்கே ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ (கவனம் சிதறுவதும் அமைதியாக இருக்க முடியாததுமான நிலை) இருந்து, அது யாருக்கும் தெரியாமல் போகும் சாத்தியத்தை. கூட்டத்தின் இரைச்சலைத் தாங்கவும், மற்றவர்போல் நடந்துகொள்ளவும் அவருக்குக் குடி உதவியிருக்கலாம். நிறுத்தியதும் இரைச்சல் முழுதாகத் திரும்பும். குடியை விட முயல்பவர்கள் கூடும் மீட்புக் கூட்டத்தில் கண்கூசும் விளக்கு, வட்டமாக உட்கார்ந்து பேசச் சொல்வது, முன்பின் தெரியாதவர் கட்டியணைப்பது. பாதியில் எழுந்து போவார். 'திருந்த மனசில்லை' என்பார்கள் வீட்டார். அங்கே யாரோ "மனைவியை அழைத்து வாருங்கள்" என்றால், கணவரோடு வாழும் ஆண் என்ன பதில் சொல்வார்? நாவலின் நடுப்பகுதி முழுவதையும் இதிலிருந்தே வளர்க்கலாம்.

பிள்ளையின் மெல்ட்டவுன் (சத்தமும் நெருக்கடியும் தாங்காமல் கட்டுப்பாடு இழப்பது) அடம் அல்ல. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. சத்தத்தைக் குறைத்து நேரம் கொடுத்தால் தணியும், பின் களைத்துவிடும்.

குயராக இருப்பதைக் குடிக்குக் காரணமாக்காதீர்கள். ஒளிந்து வாழ்வதும் ஒதுக்கப்படுவதும் காரணமாகலாம். தன்பால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உங்கள் மருத்துவர் பாத்திரம் அதற்குப் பிறகும் அதை நோய் என்றால், அவர் சொல்வது தவறு என்பது கதைக்குள்ளேயே தெரிய வேண்டும். பிள்ளை இரு அப்பாக்களையும் எப்படி வேறுபடுத்தி அழைக்கும் என்பதை முதல் பக்கங்களிலேயே நிலைநிறுத்துங்கள்.

வரைவு முடிந்ததும் ஆட்டிசம் உள்ளவர், குயர் வாசகர், குடிநோயிலிருந்து மீண்டவர் என மூவரிடம் தனித்தனியே கொடுத்து, 'எந்தப் பக்கத்தில் நம்பிக்கை போனது?' என்று மட்டும் கேளுங்கள்.