ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ்: மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈசியூ ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது), அகலமான டயர் எல்லாம் முடிந்ததும் அடுத்ததாகப் பலரும் கை வைக்கும் இடம் பிரேக். பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்கை இருபுறமும் கவ்வும் பாகம்) என்று போனால் செலவு எகிறும். அதனால் முதலில் வாங்குவது ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் (சக்கரத்துக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் வளையும் குழாய்), கடைக்காரர் வாயில் ‘பிரெய்டட் ஹோஸ்’. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த ஹோஸ் நடுவில் வெடிப்பது அபூர்வம். கோளாறெல்லாம் அதன் இரண்டு முனைகளிலும், அது போகும் வழியிலும்தான் வருகிறது.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். பெடலை அழுத்தும்போது காரோடு வந்த ரப்பர் ஹோஸ் கொஞ்சம் உப்பும்; நாம் மிதிக்கும் மிதியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். பின்னல் ஹோஸின் உள்ளே இருப்பது டெஃப்லான் குழாய். அதைச் சுற்றியுள்ள கம்பி வலை அதை உப்பவிடாது. அதனால் பெடல் இறுக்கமாகும், எவ்வளவு மிதிக்கிறோம் என்பது காலுக்குத் தெளிவாகத் தெரியும். கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிற காரில், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. ஹோஸ் மாற்றியதால் அந்தத் தூரம் குறையாது.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ சில சுற்றுகள் வேகமாக ஓட்டியபின் பெடல் பஞ்சு மாதிரி கீழே போகிறதா? பெரும்பாலும் ஆயில் கொதித்திருக்கும். டாட்-4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி மட்டுமே. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. சென்னை மாதிரி கடலோர ஊரில் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு டிராக்குக்குப் போவது வீண் வேலை. ஹோஸ் மாற்றியதும் “அடேயப்பா, என்ன வித்தியாசம்!” என்று சொல்பவர்கள் உணர்வதில் பாதி, கூடவே ஊற்றிய புது ஆயிலின் வேலை என்பது என் எண்ணம்.

வாங்கும் இடத்தில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஜேசிபி, லாரி ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்யும் (முனையை நசுக்கிப் பொருத்தும்) கடையில் பழைய ஹோஸைக் கொடுத்து, அதே நீளத்தில் ஒன்று அடித்து வாங்கி வருவது. அழுத்தத்தைத் தாங்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஹோஸ்களின் உள் ரப்பர் பொதுவாக நைட்ரைல், மினரல் ஆயிலுக்கானது. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் பட்டால் அது ஊறி, மெத்தென்றாகி, உதிரத் தொடங்கும். உதிர்ந்த துணுக்கு போய் அடைக்கும் இடம் ஏபிஎஸ் வால்வாகக்கூட இருக்கலாம். பிரேக்குக்கென்று செய்யப்பட்ட, உங்கள் கார் மாடலுக்கான கிட் மட்டும் வாங்குங்கள். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106, நம் நாட்டின் ஐஎஸ் 7079 மாதிரி தரக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை உள்ளதாக எடுப்பது நல்லது. உறையில்லாத கம்பிப் பின்னலுக்குள் மண் புகுந்தால் உள்ளேயுள்ள டெஃப்லானை அறுக்கும். அதே பின்னல் பக்கத்தில் ஓடும் ஏபிஎஸ் வயரில் உரசினால் அதையும் அறுக்கும்.

அடுத்து முனைகள். ஐரோப்பிய, ஜப்பானியக் கார்களில் பரவலாக இருப்பது எம்10 அளவில் 1 மில்லிமீட்டர் பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி) மரை. அமெரிக்கப் பாகங்களில் 3/8 அங்குல, 24 மரை வரும். அளந்தால் ஒன்று 10 மில்லிமீட்டர், மற்றது 9.5, பிட்ச் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் சிறியது பெரியதற்குள் சமத்தாகச் சுற்றி இறங்கும், கைக்கு இறுகினாற்போலவும் இருக்கும். முழு அழுத்தம் வரும்போதுதான் மரை உருவிக்கொண்டு வரும். மரை சரியாக இருந்து, உட்காரும் வாய் வேறாக இருந்தாலும் சிக்கல்தான். குமிழ் மாதிரி விரித்த ஃப்ளேர் ஒரு வகை, 45 டிகிரியில் இரட்டை மடிப்பாக விரித்தது இன்னொன்று, ரேஸ் பாகங்களில் வரும் 37 டிகிரி மூன்றாவது. ஒன்றுக்கு இன்னொன்று ஒத்துவராது. கசிகிறதே என்று மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதைப் பல ஷெட்களில் பார்க்கலாம். தண்ணீர்க் குழாய்க்குச் சரி, பிரேக்குக்குக் கூடாது. இங்கே கசிவைத் தடுப்பது மரை அல்ல, உலோகத்தோடு உலோகம் உட்காரும் அந்த வாய்தான். டேப்பின் நார் உள்ளே போனால் அடைப்பும் சேர்ந்துகொள்ளும்.

சில ஹோஸ்களின் முனை வளையமாக இருக்கும், அதுதான் பான்ஜோ; அதன் நடுவே போகும் பான்ஜோ போல்ட் உள்ள காலிப்பரில் தாமிர வாஷர் இரண்டு: தலைக்கும் பான்ஜோவுக்கும் நடுவில் ஒன்று, பான்ஜோவுக்கும் காலிப்பருக்கும் நடுவில் ஒன்று. இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். பழையது ஏற்கெனவே நசுங்கி இறுகியது, மறுபடி நசுங்கிக் கொடுக்காது. டார்க் அளவை, அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை, உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். கசிந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்று போனால், நடுவில் துளையுள்ள அந்த போல்ட் முறிந்துவிடும்.

கழற்றும்போது ஓப்பன் ஸ்பேனர் போட்டால், வருஷக்கணக்கில் துரு ஏறிய பைப் நட் ரவுண்ட் ஆகிவிடும். வாய் திறந்த ரிங் மாதிரி இருக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். முந்தின நாளே துரு இளக்கி அடித்து வைத்தால் இன்னும் நல்லது. நட்டோடு சேர்ந்து இரும்பு பைப்பும் திரும்பினால் அங்கேயே நிறுத்துங்கள். முறுக்கிக்கொண்டே போனால் பைப் முறிந்து, ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகும். ஆயில் ஒழுகுவதை நிறுத்த வைஸ் கிரிப்பால் ஹோஸைக் கவ்வுவதும் கூடாது. ரப்பருக்கே அது ஆகாது. டெஃப்லான் ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான். அதற்குப் பதில் பெடலை ஓரிரு அங்குலம் கீழே தள்ளி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) துளை மூடிக்கொள்ளும். பிரேக் ஆயில் டேங்கிலிருந்து ஆயில் இறங்காது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி கம்பியைக் கழற்றி விடுங்கள்.

அதிகம் பேர் கோட்டை விடுவது முறுக்கலில். காலிப்பருக்குள் நேராகத் திருகும் வகை ஹோஸ் என்றால், காலிப்பர் முனையை முதலில் முழுதாக இறுக்கிவிட வேண்டும். பிறகு மறுமுனையை பிராக்கெட்டில் உட்காரவைத்து, ஹோஸ் பக்கம் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இரும்பு பைப்பின் நட்டை மட்டும் இறுக்க வேண்டும். வரிசை மாறினால் ஹோஸ் திருகிக்கொண்டு நிற்கும். அப்படி நிற்கும் ஹோஸ் ஸ்டியரிங் திரும்பும் ஒவ்வொரு முறையும் கிரிம்ப் இருக்கும் இடத்தில் வளையும். அங்கேதான் பின்னலின் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறும். பழைய ஹோஸைப் பிடித்திருந்த கிளிப், ஸ்ட்ரட்டில் இருக்கும் தாங்கி இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு கேபிள் டையால் கட்டி முடிக்காதீர்கள்.

அப்புறம் வழி. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வது பாதிப் பரிசோதனை. தொங்கும்போது ஹோஸ் விறைக்கிறதா என்பது மட்டுமே அதில் தெரியும். சஸ்பென்ஷனின் கீழ் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து சஸ்பென்ஷனை மேலே தூக்கி, ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். டயர், ரிம், ஸ்பிரிங், டிரைவ் ஷாஃப்ட் எதிலாவது உரசுகிறதா? காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) போட்டு இறக்கிய காரில் தொழிற்சாலை நீளமே தொளதொளவென்று தொங்கி டயரின் உள்பக்கம் தொடலாம். அகல டயர் மாட்டிய காரானால், அதே டயரை மாட்டிப் பாருங்கள். சக்கரம் இல்லாமல் அளந்தால் உரசல் கண்ணில் படாது.

பிளீடிங், அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், இரண்டு மட்டும் சொல்கிறேன். டேங்க் காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், பல கார்களில் ஸ்கேன் டூல் வைத்து பம்பை ஓட்டாமல் அது வெளியே வராது. பழைய காரில் பெடலைத் தரை வரை மிதித்து மிதித்து ஏர் எடுக்காதீர்கள். அப்படி மிதிப்பது, மாஸ்டர் சிலிண்டரில் இத்தனை வருஷம் எட்டாத, துரு படிந்த பகுதிக்குள் அதன் சீலைத் தள்ளிக் கிழித்துவிடும். சிலிக்கான் வகையான டாட்-5 ஆயிலை டாட்-5.1 என்று நினைத்து ஊற்றிவிட வேண்டாம்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை ஒரு நிமிஷம் ஓங்கி மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் சிந்திய ஆயிலைத் தண்ணீரால் உடனே கழுவுங்கள். சில நாள் ஓடிய பிறகு சக்கரத்தைக் கழற்றி இன்னொரு முறை அதே சோதனை. ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டு, உப்பித் தன் வயதைக் காட்டிக்கொடுக்கும். பின்னல் ஹோஸில் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் கிரிம்ப் ஓரத்தில் துருக்கறை, அறுந்த இழை, உறைக்குள் ஈரம் இவற்றைத் தேடுங்கள். ஒன்று தெரிந்தாலும் அந்த ஆக்ஸிலின் இரண்டு ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.