ப்ராடக்ட் டிசைன் படிக்கும் மேல்நிலை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ப்ராடக்ட் டிசைன், அதாவது பொருள் வடிவமைப்புப் பாடம், எடுப்பவர்களில் பலர் கைவேலையில் கெட்டிக்காரர்கள். நன்றாக வரைவார்கள், கருவிகளைப் பிடிக்கத் தெரியும், கணினியில் மாடல் போடவும் வரும். அப்படிப்பட்டவர்களே மதிப்பெண் வந்ததும் முகம் வாடி நிற்பதுண்டு. "வகுப்பிலேயே என்னுடையதுதான் அழகாக இருந்தது, எனக்கு ஏன் குறைவு?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். செய்த பொருள் மேசைமேல் இருக்கிறது, அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது எங்கேயும் இல்லை. ப்ராஜெக்டுக்கு உரிய மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த 'ஏன்' என்பதற்குத்தான்.

முதல் தவறு முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. "நான் ஒரு மேசை விளக்கு செய்யப்போகிறேன்" என்று முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான ஒரு பிரச்சினையைத் தேடுவது. இப்படித் தொடங்கினால் பயனாளர் என்று எழுதப்படும் ஆளுக்கு முகமே இருக்காது. '15 முதல் 60 வயது வரை உள்ள அனைவரும்' என்று எழுதினால் யாருக்காகவும் செய்யவில்லை என்று அர்த்தம். ஆக்ஸோ நிறுவனத்தின் புகழ்பெற்ற காய்கறி தோல் சீவியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலியால் தன் மனைவி சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதை அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஃபார்பர் கவனித்தார். அதிலிருந்து பிறந்த தடித்த, மென்மையான கைப்பிடி கொண்ட சாமான்கள் 1990-இல் விற்பனைக்கு வந்தன. கைவலி இல்லாதவர்களும் அவற்றை விரும்பி வாங்கினார்கள். ஒரே ஒருவரின் சிரமத்தை ஆழமாகப் பார்த்ததால் வந்த பலன் அது. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். நேரில் போய்ப் பார்க்கக்கூடிய, மூன்று நான்கு முறை திரும்பப் போய் மாதிரியைக் கையில் கொடுக்கக்கூடிய ஒருவர்.

ஆய்வுப் பகுதியில் நடப்பது பக்கம் நிரப்பும் வேலை. நாற்காலியின் வரலாறு நாலு பக்கம், இணையத்தில் எடுத்த படங்கள் ரெண்டு பக்கம், நண்பர்களிடம் சுற்றுக்கு விட்ட கேள்வித்தாளின் வட்ட வரைபடங்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இதனால் என் வடிவமைப்பில் எது மாறுகிறது?' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பக்கத்தைத் தயங்காமல் தூக்கிவிடலாம்.

அடுத்தது விவரக்குறிப்பு, அதாவது செய்யப்போகும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளின் பட்டியல். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. கை வலுவிழந்த ஒருவருக்காகப் புட்டி மூடி திறக்கும் கருவி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'பிடிக்க வசதியாக இருக்க வேண்டும், உறுதியாக இருக்க வேண்டும், அழகாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் கடைசியில் எதை வைத்துச் சோதிப்பீர்கள்? அதையே இப்படி எழுதலாம்: கைப்பிடியின் குறுக்களவு 30 முதல் 45 மில்லிமீட்டருக்குள், 30 முதல் 85 மில்லிமீட்டர் வரை உள்ள மூடிகளைப் பற்ற வேண்டும், ஈரக் கையிலும் நழுவக் கூடாது, எடை 200 கிராமைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும். பயனாளர் வீட்டுப் புட்டிகளை அளந்தீர்களா, அவர் கையை அளந்தீர்களா, கடையில் கிடைக்கும் கருவியை எடை போட்டீர்களா? காரணம் இல்லாத எண்ணும் வெறும் அலங்காரம்தான்.

உடலளவுகள் விஷயத்தில் இன்னொரு சறுக்கல் உண்டு. பலர் சராசரி அளவை எடுத்துக்கொண்டு திருப்தி அடைகிறார்கள். சராசரிக்குச் செய்தால் சிறிய உடல்வாகு உள்ளவருக்கு எட்டாது, பெரியவருக்கு இடிக்கும். கை எட்ட வேண்டிய இடத்தில் 5-ஆம் பெர்சென்டைல் அளவையும் (நூற்றில் ஐந்து பேர் மட்டுமே அதைவிடச் சிறியவர்கள்), உடல் நுழைய வேண்டிய இடத்தில் 95-ஆம் பெர்சென்டைல் அளவையும் (நூற்றில் ஐந்து பேர் மட்டுமே அதைவிடப் பெரியவர்கள்) எடுப்பதே வழக்கம்.

சரி, இனி யோசனைகளுக்கு வருவோம். முதலில் தோன்றிய வடிவத்தோடு காதலில் விழுந்துவிட்டு, மற்ற ஐந்தாறு ஸ்கெட்ச்களை ஒப்புக்கு வரைவது பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். முதலாவதில் நிழலும் நுணுக்கமும் இருக்கும், மற்றவை அவசரக் கோடுகளாக இருக்கும். பார்த்த உதாரணத்திலேயே மனம் ஒட்டிக்கொள்வது அனுபவசாலிகளுக்கும் நடப்பதுதான். ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதிரி வடிவமைப்பை முன்கூட்டியே பார்த்தவர்கள் அதில் இருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் வடிவமைப்பில் கொண்டுவந்தார்கள். அதனால் சந்தையில் உள்ள பொருள்களை அலசும் முன்பே ஒரு சுற்று வரைந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அப்புறம் அலசலாம், அப்புறம் மறுபடியும் வரையலாம்.

கணினி மாடலுக்குச் சீக்கிரம் தாவுவதுதான் இன்று எனக்கு அதிகம் கவலை தரும் தவறு. திரையில் எல்லாமே முடிந்துபோன பொருள் போலத் தெரியும். அளவு கையில் உறைக்காது. பழைய அட்டைப்பெட்டி, டேப், கத்தரிக்கோல் போதும், அரை மணியில் முழு அளவு மாதிரி கிடைக்கும். அதைப் பயனாளர் கையில் கொடுத்தால் அவர் பெருவிரலை எங்கே வைக்கிறார் என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு தகவல் திரையில் கிடைக்கவே கிடைக்காது. அட்டை மாதிரி கோணலாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு அதைக் குப்பையில் போடுபவர்கள் தங்கள் மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடுகிறார்கள். படம் எடுங்கள், பக்கத்தில் என்ன கற்றீர்கள் என்று ரெண்டு வரி எழுதுங்கள்.

இயந்திரங்களை நம்பி ஏமாறுவதும் இதோடு சேர்ந்தது. த்ரீ-டி பிரிண்டரில் அடுக்கடுக்காக உருவாகும் கொக்கி, அடுக்குகள் ஒட்டிய கோட்டிலேயே பிளந்துகொள்ளும். எந்தத் திசையில் படுக்கவைத்து அச்சிடுகிறீர்கள் என்பதே அதன் வலிமையைத் தீர்மானிக்கிறது. இந்த பிரிண்டர்களில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், அதில் சூடான பானத்துக்கான பாத்திரம் செய்யக் கூடாது. லேசர் கட்டர் வெட்டும் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் வரைந்த பொருத்துகள் லொடலொடவென்று ஆடும். முழுத் தகட்டை வெட்டும் முன், அதே பலகையின் ஒரு துண்டில் ஒரு பொருத்தை மட்டும் வெட்டிப் பார்த்துவிடுங்கள். பி.வி.சி தகட்டை லேசர் கட்டரில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் இயந்திரத்தையும் கெடுக்கும்.

நாள் கணக்கு போடும்போது பசை உலரவும் வார்னிஷ் காயவும் ஆகும் நேரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பணிமனையில் எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே இயந்திரத்துக்கு வரிசையில் நிற்பதும் தெரிந்த கதைதான்.

சோதனை என்ற பெயரில் "நல்லா இருக்கா?" என்று நண்பனிடம் கேட்பதால் எந்தப் பயனும் இல்லை. அவன் நல்லா இருக்கு என்றுதான் சொல்வான். பொருளைக் கொடுத்துவிட்டு, ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பாருங்கள். மூடி திறக்க எத்தனை விநாடி ஆயிற்று, எத்தனை முறை நழுவியது, எந்த இடத்தில் தயங்கினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விவரக்குறிப்பை எடுத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். 200 கிராம் என்று எழுதியது 260 ஆக வந்திருந்தால் அப்படியே எழுதுங்கள். எதை மெலிதாக்கினால் குறையும் என்பதையும் சேர்த்து எழுதினால், மறைத்துவைத்த குறையைவிட அது அதிக மதிப்பெண் தரும்.

இவ்வளவு உழைப்பிலும் மறந்துபோவது எழுத்துத் தேர்வு. இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் ப்ராடக்ட் டிசைனுக்கு மதிப்பெண்ணில் பாதி ப்ராஜெக்டுக்கும் மீதிப் பாதி எழுத்துத் தேர்வுக்கும் போகிறது. பொருள்களின் பண்புகள், உற்பத்தி முறைகள், கணக்குகள் எல்லாம் அந்தப் பாதியில்தான். ப்ராஜெக்டை ஒப்படைத்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் சில வாரங்கள்தான் கையில் இருக்கும். வாரம் ஒரு மாலையை முதல் ஆண்டிலிருந்தே அதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்து, இது எந்தப் பொருளால் ஆனது, எந்த முறையில் செய்தார்கள், ஆயிரம் செய்வதற்கும் பத்து லட்சம் செய்வதற்கும் அந்த முறை மாறுமா என்று எழுதிப் பழகலாம். ஒரு பிளாஸ்டிக் மூடியைத் திருப்பிப் பார்த்தால் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடத்தின் சிறு புள்ளியும் அச்சின் பாகங்கள் சேர்ந்த கோடும் தெரியும், அங்கிருந்தே தொடங்கலாம்.