கஞ்சித் தண்ணீரும் எச்சிலும்: நொதியத்தைக் கண்ணால் காணும் ஒரு பரிசோதனை

உயிரியலைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் காபோவைதரேற்று, நொதியம் (உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம்), நீர்ப்பகுப்பு என்பவற்றை மூன்று தனித்தனிப் பாடங்களாக மனனம் செய்வதையே கிளிநொச்சியில் கற்பிக்கும் நான் அடிக்கடி காண்கிறேன். இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த அரிசியின் கஞ்சியும், மருந்தகத்தில் வாங்கும் பொவிடோன் அயடினும், நமது எச்சிலும் இருந்தால் மூன்றையும் ஒரே மேசையில் பார்த்துவிடலாம்.

முதலில் கஞ்சியை வடித்து, ஒரு தேக்கரண்டி கஞ்சிக்குப் பத்துத் தேக்கரண்டி தண்ணீர் சேர்த்து, நன்றாக ஆறவிடுங்கள். ஆறுவதற்குள் அவசரப்படக்கூடாது. கஞ்சியிலுள்ள மாப்பொருள் மூலக்கூற்றின் சுருளுக்குள் அயடின் புகுவதாலேயே கருநீலம் தோன்றுகிறது. சூட்டில் அந்தப் பிணைப்புத் தளர்ந்து நிறம் மறைந்துவிடும். அயடினையும் வெறுந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் ஐதாக்குங்கள்.

அடுத்து, வாயைக் கொப்பளித்துச் சற்றுப் பொறுத்து எச்சிலைச் சேர்த்து, அதில் பாதியைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். மூன்று கிளாசுகளில் சம அளவு கஞ்சி எடுத்து, ஒன்றில் தண்ணீரையும், ஒன்றில் எச்சிலையும், மற்றதில் கொதித்த எச்சிலையும் ஒரே அளவில் விடுங்கள். பலர் வீண்வேலையென்று விட்டுவிடுவது இந்த முதலாவதையும் மூன்றாவதையும்தான். அவை இல்லையென்றால், நிறம் மாறியது நொதியத்தாலா அல்லது கஞ்சி ஐதானதாலா என்று சொல்ல வழியில்லை.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் வைத்து, அயடின் துளி சேர்த்துப் பாருங்கள். எச்சில் விட்டதில் மட்டும் கருநீலம் செந்நிறம் கலந்த கபிலமாகி, ஈற்றில் அயடினின் சொந்த நிறமே எஞ்சும். எடுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். வன்னி வெயிலின் வெப்பம் எச்சிலிலுள்ள நொதியமான அமைலேசுக்கு உகந்த 37 பாகைக்கு அண்மையில் இருப்பதால் தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். மாப்பொருள் என்ற காபோவைதரேற்று குளுக்கோசு அலகுகளின் நீண்ட சங்கிலி. 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன் கொண்ட குளுக்கோசு இரண்டு இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுவதால், அப்படி உருவாகும் மோற்றோசு என்ற வெல்லத்தில் ஐதரசன் 24 அன்றி 22 ஆகவும், ஒட்சிசன் 12 அன்றி 11 ஆகவும் இருக்கின்றன. பிணைப்பு உடையும்போது அதே நீர் திரும்ப உட்புகுகிறது. அதுவே நீர்ப்பகுப்பு, அதை விரைவுபடுத்துவது அமைலேசு. அமைலேசு ஒரு புரதம் என்பதால், வெந்த முட்டை பழையபடி ஆகாததுபோலக் கொதித்த எச்சிலும் வேலைசெய்யாது.

அமிலத்தில் நொதியம் என்னவாகும் என்று பார்க்க விரும்புவோர் வினாகிரியையே பயன்படுத்த வேண்டும். ஒருமுறை என் வகுப்பில் தேசிக்காய்ச் சாறு விட்டோம். மூன்று கிளாசுகளிலிருந்து எடுத்த துளிகளும் ஒரேயடியாக நிறமிழந்தன, அதிலுள்ள விற்றமின் சி அயடினையே மாற்றிவிட்டதால். சட்டையில் அயடின் கறை பட்டவர்களுக்கு மட்டும் அந்தச் சாறு அன்று உதவியது.