கிட் பிராஞ்ச்: ஒரு வேலைக்கு ஒன்று, அதுவும் சீக்கிரம் முடியட்டும்

கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான கிட்டில் பிராஞ்ச் (மற்றவர்களின் வேலையைத் தொடாமல் தனியே வேலை செய்ய ஒரு கிளை) போட்டால் மொத்த கோடும் நகலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. வழக்கமான கிட்டில் அது ஒரு கமிட்டின் (கிட்டில் சேமித்த ஒரு பதிவின்) 40 எழுத்து அடையாளத்தைக் குறித்து வைத்த குட்டி ஃபைல், வரிமுடிவோடு சேர்த்து 41 பைட், அவ்வளவுதான். அதனால் ஒரு வேலைக்கு ஒரு பிராஞ்ச் என்று தாராளமாகப் போடுங்கள்.

முதலில் மெயினுக்கு (டீமுக்குப் பொதுவான முக்கிய பிராஞ்ச்) போய் ‘கிட் புல்’ (pull), மற்றவர்களின் புது மாற்றங்கள் உங்களிடம் வந்துவிடும். இதை விட்டால் நேற்றைய கோடின் மேல் இன்றைய வேலையைக் கட்டுவீர்கள். அப்புறம் புது பிராஞ்ச் போட்டு அதற்கு மாற ‘கிட் ஸ்விட்ச் -சி’ (-c), கூடவே பிராஞ்சின் பெயர் (பழைய பாடங்களில் ‘செக்அவுட் -பி’ என்று இருக்கும், பலன் ஒன்றுதான், ஸ்விட்ச் 2019-ல் வந்தது). ‘புதுசு’, ‘டெஸ்ட்2’ என்று பெயர் வைக்காதீர்கள். ‘ரசீது-வரி-திருத்தம்’ என்றால் அடுத்த வாரம் பார்ப்பவருக்கும் புரியும்.

பாதி வேலையில் அவசரமாக ஒரு பிழை வந்தால், இருப்பதை அந்த பிராஞ்சிலேயே கமிட் செய்துவிட்டு, மெயினிலிருந்து இன்னொரு பிராஞ்ச் போட்டுச் சரிசெய்யுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது.

ஒருமுறை ரிப்போர்ட் பக்கத்தை மாற்றி எழுதுகிறேன் என்று மூன்று வாரம் ஒரே பிராஞ்சில் இருந்தேன். அதற்குள் டீமில் இன்னொருவர் அதே வரிக் கணக்கு ஃபங்ஷனை மெயினில் மாற்றியிருந்தார். மெயினை என் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) ஒரே ஃபைலில் பதினோரு கான்ஃப்ளிக்ட், அதாவது இருவரும் ஒரே இடத்தை வேறு வேறாக மாற்றியதால் கிட் முடிவெடுக்க முடியாத இடங்கள். ‘<<<<<<<’ குறிக்குக் கீழே என்னுடையது, ‘=======’ தாண்டினால் அவருடையது; எதை வைப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்ததில் ஒரு மதியம் முழுக்கப் போனது. அன்றிலிருந்து தினமும் காலையில் சர்வரில் உள்ள புது கமிட்டுகளை இறக்க கிட் ஃபெட்ச், உடனே அங்குள்ள மெயினை என் பிராஞ்சில் சேர்க்க ‘கிட் மெர்ஜ் ஆரிஜின்/மெயின்’. கான்ஃப்ளிக்ட் வந்தாலும் ஒன்றிரண்டுதான், ஏன் மாற்றினோம் என்பதும் மறந்திருக்காது. பிராஞ்சையும் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடப் பாருங்கள், பெரிய வேலை என்றால் துண்டு துண்டாக. ரிவியூ செய்பவரும் நாற்பது வரியைப் படிப்பார். நாலாயிரம் வரியை யார் ஒழுங்காகப் படிப்பார்கள்?

வேறொருவரும் வேலை செய்யும் பிராஞ்சில் மட்டும் ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது) வேண்டாம். கமிட்டுகளின் அடையாளமே மாறிவிடும், அவர் அடுத்து புல் செய்யும்போது திண்டாடுவார்.

மெயினில் மெர்ஜ் ஆனதும் ‘கிட் பிராஞ்ச் -டி’ போட்டு அழித்துவிடுங்கள். சின்ன டி (d), மெர்ஜ் ஆகாததை அழிக்க மறுக்கும். பெரிய டி (D) கேள்வி கேட்காது. தவறி அழித்துவிட்டால் கிட் ரீஃப்லாகில் (நீங்கள் இருந்த கமிட்டுகளை கிட் குறித்து வைக்கும் பட்டியல்) பழைய கமிட்டின் அடையாளம் இருக்கும், அதை எடுத்து ‘கிட் பிராஞ்ச்’, பெயர், அடையாளம் என்று கொடுத்தால் அந்த பிராஞ்ச் திரும்ப வந்துவிடும்.