அந்தப் பச்சை அங்கிப் பெண் கர்ப்பிணி இல்லை

பழைய நெதர்லாந்து ஓவியம் என்றாலே படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ரகசிய அர்த்தம் தேட ஆரம்பித்துவிடுகிறோம். முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்.

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள யான் வான் ஐக்கின் ஆர்னோல்ஃபினி ஓவியத்தையே (1434) எடுத்துக்கொள்வோம். ஓர் அறையில் ஓர் ஆணும், கர்ப்பிணி போலத் தெரியும் பச்சை அங்கிப் பெண்ணும் கைகோத்து நிற்கும் படம். அது ஒரு திருமணத்துக்கான சாட்சிப் பத்திரம், காலடியில் நிற்கும் நாய் விசுவாசத்தின் அடையாளம் என்று கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1934இல் எழுதினார். அழகான வாதம், அதனால்தான் இன்றும் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அவர் மணமகன் என்று நினைத்தவருக்குக் கல்யாணம் ஆனதே 1447இல்தான் என்று பின்னாளில் ஓர் ஆவணம் காட்டியது. வான் ஐக் 1441இலேயே இறந்துவிட்டார். படத்தில் இருப்பவர் அதே குடும்பத்தில், அதே ஜோவானி என்ற பெயர் கொண்ட வேறொருவர் என்றுதான் இப்போது பலரும் கருதுகிறார்கள். வண்ணத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டும் அகச்சிவப்புப் படம் எடுத்துப் பார்த்தால், அந்த நாய்க்கு அடியில் முதலில் போடும் கோட்டு வரைவே இல்லை, வண்ணம் பூசும்போது சேர்த்தது. அத்தனை முக்கியமான அடையாளத்தை முதலிலேயே வரைந்திருக்க மாட்டாரா?

சரி, அந்தப் பெண்ணின் வயிறு? அவர் கனமான அங்கியை அள்ளித் தூக்கிப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் உள்ள 1437ஆம் ஆண்டு ஓவியத்தில் கன்னியான புனித கேத்தரினுக்கும் வான் ஐக் இப்படித்தான் வயிறு வைத்திருக்கிறார்.

அப்புறம், பாணியை மட்டும் பார்த்து "இது பாஷ் வரைந்தது" என்று முடிவுகட்டாதீர்கள். ஹிரோனிமஸ் பாஷ் என்ற அந்த நெதர்லாந்து ஓவியர் 1516இல் இறந்தார். ராட்டர்டாமில் இருக்கும் 'கானா ஊர்த் திருமணம்' ஓவியத்தின் பலகையில் மரவளையங்களை எண்ணிப் பார்த்தபோது, அவர் இறந்த பிறகும் அந்த மரம் காட்டில் வளர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஆனால் மரத்தின் வயது பொருந்திவிட்டாலே அவர் வரைந்தது என்றும் ஆகாது, அதே பலகையில் சீடரும் வரைந்திருக்கலாம்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்த பலிபீட ஓவியத்தின் (1432) நடுவே, இயேசுவின் அடையாளமாக நிற்கும் ஆட்டுக்குட்டி விஷயத்தில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. மனித முகம் மாதிரி இருக்கிறது, சீரமைத்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று இணையத்தில் ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். உண்மையில் அவர்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடித்து வரையவில்லை. 16ஆம் நூற்றாண்டில் யாரோ மேலே பூசிய வண்ணத்தைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார்கள், அடியில் இருந்தது வான் ஐக் காலத்து முகம். முன்பக்கம் திரும்பிய அந்தக் கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன.